கரையிலேயே தீர்மானிக்கப்படும் பாதுகாப்பு

மட்டக்களப்பு வாவியிலும் அறுகம்பையை அண்டிய களப்புகளிலும் கற்பிட்டி, திருகோணமலைக் கரையோரங்களிலும் 'கயாக்' எனப்படும் ஒடுங்கிய துடுப்புப் படகுகளைக் காண்பது இப்போது புதுமையானதொன்றல்ல. ஒருவரோ இருவரோ அமர்ந்து, இருமுனையிலும் அலகு கொண்ட ஒற்றைத் துடுப்பினால் வலித்துச் செல்லும் இப்படகு, வடதுருவப் பிரதேசத்து இனுவிட் மக்கள் கடல் வேட்டைக்கென விலங்குத் தோலினால் அமைத்துக்கொண்ட படகின் வழிவந்ததாகும். இன்று அது பிளாஸ்டிக்கினால் வார்க்கப்பட்டு உலகெங்கும் விளையாட்டாகவும் பொழுதுபோக்காகவும் பரவியுள்ளது. உல்லாசப் பயணிகள் மாத்திரமன்றி எமது இளைஞர், யுவதிகளும் இதில் ஆர்வம் காட்டத் தொடங்கியிருப்பது வரவேற்கத்தக்கதேயாகும்.

ஆயினும், தண்ணீரை ஒட்டியே வாழும் எமது சமூகங்கள் தண்ணீரில் பறிகொடுத்த உயிர்கள் கொஞ்சநஞ்சமல்ல. எனவே, இளைஞர் கழகமொன்றோ பாடசாலையொன்றோ பத்துப் படகுகளைப் பெற்றுப் பயிற்சி தொடங்க முற்படுமாயின், அது எவ்வாறு ஒழுங்குசெய்யப்பட வேண்டும் என்ற கேள்வி முதலில் எழுப்பப்படல் வேண்டும். இத்துறையில் நீண்ட அனுபவமுடைய பிரித்தானியா இந்தப் பாடத்தை எத்தகைய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது என்பதை அறிந்துகொள்வது அக்கேள்விக்கு விடைகாண உதவும் என நாம் கருதுகின்றோம்.

1993ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் திகதி. இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள லைம் ரீஜிஸ் என்னும் சிறு துறைமுக நகரிலிருந்து, பிளிமத் நகரப் பாடசாலை ஒன்றின் உயர்வகுப்பு மாணவர்கள் எட்டுப் பேர், அவர்களது ஆசிரியர் ஒருவர், தனியார் பயிற்சி நிலையமொன்றைச் சேர்ந்த பயிற்றுநர் இருவர் என 11 பேர் கயாக் படகுகளில் புறப்பட்டனர். கரையோரமாகவே சென்று, ஓரிரு மைல் தொலைவிலுள்ள சார்மத் என்னும் இடத்தை அடைவதே திட்டம். பகலுணவு வேளைக்கு முன்னர் முடிந்திருக்க வேண்டிய பயணம் அது.

புறப்பட்ட சிறிது நேரத்திலேயே ஆசிரியரின் படகு கவிழ்ந்தது. நிமிர்த்தி ஏற்றியதும் மீண்டும் கவிழ்ந்தது. ஒரு பயிற்றுநர் அவருக்கு உதவுவதில் ஈடுபட்டிருக்க, மற்றையவர் மாணவர் எண்மரையும் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு படகுகளை ஒன்றுசேர்த்து நிறுத்துமாறு பணித்தார். காத்திருந்த அந்த நிமிடங்களில் நிலத்திலிருந்து வீசிய காற்று அவர்களை மெல்ல மெல்ல வெளிக்கடலுக்குத் தள்ளிச் சென்றது. சற்று நேரத்தில் ஒரு பிரிவினர் மற்றைய பிரிவினரின் கண்ணுக்கே தெரியாமற் போயினர். வெளிக்கடலின் அலைகள் படகுகளுள் புகுந்தன. அமருமிடத்தை மூடி நீர் புகாது தடுக்கும் மறைப்பு அப்படகுகளில் இருக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் படகுகள் நிறைந்து கவிழ, மாணவர்கள் குளிர்ந்த நீரில் மணிக்கணக்கில் மிதக்க நேரிட்டது. ஆபத்தை அறிவிக்கும் தீச்சுடர் எதுவும் அவர்களிடம் இருக்கவில்லை. இத்தகையதொரு குழு கடலுக்குச் செல்கின்றது என்பது கரையோரக் காவல்படைக்கு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருக்கவுமில்லை. குழு திரும்பவில்லை என்ற தகவலும் பல மணி நேரம் கழிந்த பின்னரே எட்டியது. மீட்புப் பணியாளர்கள் மாலையில் அவர்களைக் கண்டுபிடித்த போதிலும், நான்கு மாணவர்களின் உயிரைக் காப்பாற்ற முடியவில்லை.

இந்த அனர்த்தத்தைக் கடலின் சீற்றம் என்றோ விதியின் விளையாட்டென்றோ ஒதுக்கிவிட முடியாதிருந்தது. விசாரணைகளில் வெளியான விடயங்கள் அத்தகையவை. கடலுக்குக் குழுவொன்றை அழைத்துச் செல்வதற்குப் போதாத அடிப்படைத் தகைமையே அப்பயிற்றுநர்களிடம் இருந்தது. அனைத்தையும் விடக் கொடிய உண்மை வேறொன்று. அதே நிலையத்தில் முன்னர் கடமையாற்றி விலகிய பயிற்றுநர் இருவர், அங்கு நிலவும் பாதுகாப்புக் குறைபாடுகளைச் சுட்டிக்காட்டி, அவை திருத்தப்படாவிடின் உயிரிழப்பு ஏற்படக்கூடும் என 1992ஆம் ஆண்டிலேயே நிர்வாகப் பணிப்பாளருக்கு எழுத்து மூலம் எச்சரித்திருந்தனர். அந்தக் கடிதம் அவரது கைக்குக் கிடைத்திருந்தது. ஆனால், அதற்கேற்ப நடவடிக்கை எடுக்கப்படவில்லை.

1994 டிசம்பரில் வின்செஸ்டர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஆங்கிலச் சட்ட வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. நிலையத்தை நடத்திய ஓ.எல்.எல். நிறுவனம் மனிதப் படுகொலைக் குற்றவாளியாகக் காணப்பட்டு 60,000 பவுண் அபராதம் விதிக்கப்பட்டது. இங்கிலாந்தில் கம்பனியொன்று இக்குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டமை அதுவே முதற்தடவையாகும். நிர்வாகப் பணிப்பாளருக்கு மூன்றாண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் அது இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டது. படகில் ஏறாத, சம்பவ வேளையில் கடலில் இராத ஒருவரை நீதிமன்றம் சிறைக்கு அனுப்பியது. கடலில் நிகழ்ந்த மரணங்களுக்கான காரணம் கரையிலிருந்த மேசையில் இருந்தது என்பதே அத்தீர்ப்பின் சாரமாகும்.

அடுத்த ஆண்டே, அதாவது 1995இல், இளம்பிராயத்தினரின் பாதுகாப்புக்கென வீரசாகச நிலையங்கள் தொடர்பான சட்டம் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டது. 18 வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணம் பெற்று மலையேற்றம், குகைப் பயணம், நெடுநடை, நீர்ச்சாகசம் ஆகியவற்றை நடத்துவோர் பரிசோதனைக்கு உட்பட்டு அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்னும் ஒழுங்குவிதிகள் 1996இல் நடைமுறைக்கு வந்தன.

எனினும் இச்சட்டத்தின் எல்லையும் கவனிக்கத்தக்கது. வயதுவந்தோரை அழைத்துச் செல்லும் பயணங்களுக்கு இந்த அனுமதிப்பத்திரம் தேவையில்லை. தன்னார்வக் கழகமொன்று தனது அங்கத்தவர்களுக்கு நடத்தும் பயணங்களுக்கும், பாடசாலையொன்று தனது சொந்த மாணவர்களுக்கு நடத்தும் பயணங்களுக்கும் விலக்களிக்கப்பட்டுள்ளது. சட்டம் கழகத்தின் வாசலோடு நின்றுவிடுகின்றது. அதற்கு உள்ளே உயிரைக் காப்பது கழகம் தனக்குத் தானே விதித்துக்கொள்ளும் ஒழுங்கு ஒன்றுதான்.

அந்த ஒழுங்கு தளர்ந்தால் என்ன நிகழும் என்பதற்கு அண்மைய உதாரணமும் உண்டு. 2021 ஒக்டோபர் 30ஆம் திகதி வேல்ஸில் உள்ள ஹவர்ஃபோர்ட்வெஸ்ட் நகரில், கட்டணப் பயணமொன்றில் பங்குபற்றிய ஒன்பது பேர் நின்றபடி துடுப்பு வலிக்கும் பலகைகளில் கிளெடாவ் ஆற்றில் இறங்கினர். மழையினால் ஆறு பெருக்கெடுத்திருந்தது. ஆற்றின் குறுக்கேயிருந்த சிறு அணைக்கட்டில் அவர்கள் அடித்துச் செல்லப்பட்டனர். பங்குபற்றியோரில் மூவரும் வழிகாட்டியாகச் சென்ற ஒருவரும் உயிரிழந்தனர். பெருக்கெடுத்த ஆற்றில் குழுவை வழிநடத்துவதற்குரிய தகைமை பயணத்தை நடத்தியவரிடம் இல்லை என்பதும், அணைக்கட்டின் ஆபத்துப் பற்றிப் பங்குபற்றியோருக்கு உரிய விளக்கம் அளிக்கப்படவில்லை என்பதும், ஓடும் ஆற்றுக்குப் பொருந்தாத வகையில் பலகைகள் கணுக்காலுடன் பிணைக்கப்பட்டிருந்தன என்பதும் பின்னர் தெரியவந்தன. பயணத்தை நடத்திய நிறுவனத்தின் உரிமையாளருக்கு 2025 ஏப்ரலில் பத்தரை ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இரு அனர்த்தங்களுக்கும் இடையே 28 ஆண்டுகள். தவறுகளின் பட்டியல் மாத்திரம் ஏறத்தாழ மாறவில்லை.

இனி, பொறுப்புள்ள கழகமொன்று எவ்வாறு இயங்குகின்றது என்பதை நோக்குவோம். முதலாவது, ஒவ்வொரு பயணத்திற்கும் ஒரேயொரு தலைவர் இருப்பார். போவதா, இல்லையா, எங்கே திரும்புவது என்பவற்றில் அவரது சொல்லே இறுதியானது. பயணம் கோரும் திறனிலும் ஒருபடி மேலான திறன் அவருக்கு இருத்தல் வேண்டும். கடற்பயணங்களில் ஆறு பேருக்கு ஒரு தலைவர் என்பது பொதுவாகக் கைக்கொள்ளப்படும் அளவாகும். தொடக்கநிலையினர் எனில் இது மேலும் குறையும். தலைவருக்கு மேலதிகமாக, வரிசையின் கடைசியில் அனுபவமிக்க ஒருவர் வருவார். ஒருவர் கவிழ்ந்தால் அவருக்கு உதவுபவர் யார், எஞ்சியோரைக் காற்று தள்ளிச் செல்லாது காப்பவர் யார் என்பது புறப்படு முன்னரே பேசப்பட்டிருக்கும். லைம் விரிகுடாவில் தொலைந்தது இந்த ஏற்பாடுதான்.

பயணத் தலைவர் தனது குழுவை அறிந்திருத்தலும் அவசியம். யாருக்கு நீந்தத் தெரியும், யாருக்கு ஆஸ்துமா, வலிப்பு போன்ற நோய்கள் உண்டு, வீட்டாரின் தொலைபேசி இலக்கம் என்ன என்பவை ஏட்டில் பதியப்பட்டிருக்க வேண்டும். பாதையும் தூரமும் குழுவில் மிகவும் பலவீனமானவரைக் கொண்டே நிர்ணயிக்கப்பட வேண்டும். வல்லவரின் வேகத்தில் திட்டமிடப்படும் பயணம் ஏனையோருக்குப் பொறியாகிவிடும்.

இரண்டாவது, பயிற்சியின் ஒழுங்குமுறை. நல்ல பயிற்றுநர் முதல்நாள் கற்பிப்பது துடுப்பு வலிப்பதையன்று, கவிழ்வதையே. இடுப்பளவு நீரில், பயிற்றுநர் அருகே நிற்க, மாணவர் வேண்டுமென்றே படகைக் கவிழ்த்து வெளியேறப் பழக வேண்டும். உள்ளே கால்களை நீட்டி அமரும் வகைப் படகெனில், முன்புறம் குனிந்து, நீர்மறைப்பின் பட்டியை இழுத்துக் கழற்றி, படகின் விளிம்பைத் தள்ளி வெளிவரல் வேண்டும். பதற்றமின்றி இதனைச் செய்யப் பழகாத ஒருவருக்கு நீர்மறைப்புப் பூட்டப்படலாகாது. மேலே அமரும் வகைப் படகு தொடக்கநிலையினருக்கு இலகுவானது. எனினும் விழுந்தபின் நீரிலிருந்து மீண்டும் ஏறுவதை அதிலும் பழகியே ஆகவேண்டும்.

அடுத்த பாடம், கவிழ்ந்த படகை விட்டு விலகாதிருத்தல். கவிழ்ந்த படகு மிதக்கும். தேடுவோர் கண்ணில் மனிதத் தலையை விடப் படகே முதலில் படும். கரை கிட்டத்தில் இருப்பதாக எண்ணி நீந்தத் தொடங்கியோர் களைத்து மாண்ட சம்பவங்கள் பல. பின்னர், தோழர் ஒருவரின் படகை நீரிலிருந்தபடியே நிமிர்த்தி அவரை ஏற்றும் முறையையும், ஊதுகுழல் சமிக்ஞைகளையும் கற்பிக்கலாம். ஒருமுறை ஊதினால் கவனிக்க வேண்டும், மூன்று முறை ஊதினால் உதவி தேவை என்பது பரவலாகக் கையாளப்படும் வழக்கமாகும். இவை கைவந்த பின்னரே தூரப் பயணம்.

மூன்றாவது, உபகரணங்கள். எல்லா மிதவை அங்கிகளும் ஒன்றல்ல. துடுப்பு வலிப்போர் பொதுவாக அணியும் 50 நியூட்டன் மிதப்பாற்றலுடைய அங்கி, சுயநினைவோடு நீந்தக்கூடியவருக்கு உதவுவது. 100 நியூட்டனும் அதற்கு மேலுமான உயிர்காப்பு அங்கியே நினைவிழந்தவரின் முகத்தை நீருக்கு மேல் திருப்பி வைக்கும் நோக்குடன் அமைக்கப்பட்டது. எதுவாயினும் உடலுக்குப் பொருந்த வேண்டும். பட்டிகளை இறுக்கிய பின்னர் தோள்ப்பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கையில் அங்கி நாடிவரை ஏறுமாயின் அது அவருக்குரியதல்ல. பெரியவரின் அங்கியைச் சிறுவருக்கு அணிவித்து ஆறுதலடைவது தற்கொலைக்கு ஒப்பானது. தலைவர் இழுவைக் கயிறு, மேலதிகத் துடுப்பு, முதலுதவிப் பொதி என்பவற்றை எடுத்துச் செல்வதோடு, நீர்புகாப் பையில் இட்ட கைத்தொலைபேசியைப் படகில் வைக்காது தனது உடலிலேயே வைத்திருத்தல் வேண்டும். படகு கையைவிட்டுப் போகும் வேளையில்தான் தொலைபேசி தேவைப்படும்.

நான்காவது, கரையில் நிற்கும் மனிதர். இவரைப் பலரும் ஒரு பொருட்டாகக் கருதுவதில்லை. புறப்படு முன்னர் ஒரு தாளில் செல்வோரின் பெயர்கள், படகுகளின் நிறம், செல்லும் பாதை, திரும்பவேண்டிய நேரம், திரும்பாவிடின் உதவி கோரவேண்டிய நேரம் ஆகியன எழுதி அவரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். இரண்டாவதாகக் குறிக்கப்பட்ட அந்நேரம் வந்ததும் அவர் யோசித்துக்கொண்டிருத்தல் ஆகாது. 'இன்னும் சற்றுப் பார்ப்போம்' என்ற தயக்கமே மீட்புக்குரிய நேரத்தை விழுங்கிவிடுகின்றது. எமது நாட்டில் பொலிஸாரின் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, இலவச அம்புலன்ஸ் சேவையின் 1990 ஆகிய இலக்கங்கள் அத்தாளின் அடியிலேயே எழுதப்பட்டிருக்கலாம். அழைப்பு வீண் அழைப்பாக முடிந்தால் இழப்பது சிறிது வெட்கமே.

எமது கரையோரங்களுக்கே உரிய சில ஆபத்துகளையும் இங்கு குறிப்பிட வேண்டும். குளிர்நீர் எமக்குப் பிரச்சினையல்ல; வெயிலும் நீரிழப்பும்தான் பிரச்சினை. கிழக்குக் கரையில் தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் வீசும் கச்சான், நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவது. கரையில் நிற்போருக்கு மரங்களும் கட்டடங்களும் அதன் வேகத்தை மறைத்துவிடக் கடல் குளம்போலத் தோன்றும். சில நூறு மீற்றர் சென்றபின்னர்தான் அதன் பலம் தெரியும். அப்போது திரும்பி வலிப்பது கடினம். லைம் விரிகுடாவில் மாணவர்களை வெளிக்கடலுக்குக் கொண்டுசென்றதும் இதே இயல்புடைய காற்றுத்தான். இதனை எமது மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிவர். பயணத்திற்கு முன்னர் வானிலை அறிக்கையைப் பார்ப்பதோடு அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்பதை எந்தக் கழகமும் குறைவாக எண்ணலாகாது.

வாவி என்பதால் ஆபத்தில்லை என்று கருதுவதும் தவறு. முகத்துவாரம் வெட்டப்பட்டிருக்கும் காலத்தில் நீரோட்டம் கடலை நோக்கி இழுக்கும். விரிக்கப்பட்ட வலைகளும் நடப்பட்ட தடிகளும் கவிழ்ந்தவரைச் சிக்கவைக்கும். சில களப்புகளில் முதலைகள் உண்டு. பருவப்பெயர்ச்சிகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் பிற்பகல் இடிமின்னல் வழமை. எனவே காலைப் பயணமே உகந்தது. வான்பாயும் குளங்களையும் அணைக்கட்டுகளையும் அண்டிச் செல்லவே கூடாது. அணையின் கீழே சுழன்று மேலெழும் நீர், விழுந்தவரை வெளியே விடாது திரும்பத் திரும்ப உள்ளிழுக்கும் தன்மையுடையது.

பெண் பிள்ளைகள் பற்றியும் ஒரு வார்த்தை. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் கிழக்குக் கரையோரத்தில் ஆண்களை விடப் பெண்களே அதிகமாக உயிரிழந்தனர். நீந்தத் தெரியாமையும் உடையின் பாரமும் அதற்குரிய காரணங்களுள் அடங்குவதாகச் சுட்டிக்காட்டப்பட்டது. தமிழ், முஸ்லிம் சமூகங்களில் பெண் பிள்ளைகளை நீரிலிருந்து விலக்கி வைப்பதே பாதுகாப்பு என்னும் எண்ணம் இன்னமும் வலுவாக உள்ளது. ஆனால் நீர் எம்மைத் தேடிவரும் நாளில் அந்த எண்ணம் எவரையும் காப்பாற்றுவதில்லை. பெண் பயிற்றுநர்கள், தனியான நேரம், ஒதுக்கமான இடம், உடலை மறைத்தும் நீரைத் தேக்காமலும் இருக்கும் உடை ஆகியவற்றை ஒரு கழகத்தால் இலகுவாக ஏற்பாடு செய்யமுடியும். பெற்றோரின் தயக்கத்தை மதித்து அதற்கு வழிகாண்பதும் பாதுகாப்பு ஏற்பாட்டின் ஓர் அங்கமே.

இறுதியாக, அந்தக் கடிதத்திடம் மீண்டும் வருவோம். 1992இல் எழுதப்பட்ட எச்சரிக்கை வாசிக்கப்பட்டு, அதற்கேற்ப ஒழுங்குகள் திருத்தப்பட்டிருப்பின் நான்கு பிள்ளைகள் இன்று நடுத்தர வயதை எட்டியிருப்பர். ஆகையால், ஒவ்வொரு கழகமும் ஒரு குறிப்பேட்டை வைத்திருக்க வேண்டும். விபத்தாக முடியாமல் மயிரிழையில் தப்பிய ஒவ்வொரு சம்பவமும் அதில் எழுதப்பட வேண்டும். மாதமொருமுறை எல்லோர் முன்னிலையிலும் அது வாசிக்கப்பட வேண்டும். குறை சொல்பவரைக் குழப்பவாதி என முத்திரை குத்தாதிருப்பதும், 'இன்று போகவேண்டாம்' என்று கூறும் தலைவரைக் கோழை என்று நகையாடாதிருப்பதும் கழகத்தின் எழுதப்படாத யாப்பாக வேண்டும்.

வேல்ஸ் நாட்டு அனர்த்தம் நிகழ்ந்து ஒரு மாதம் செல்லுமுன்னர், 2021 நவம்பர் 23ஆம் திகதி, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் அடங்கலாகப் பலர் மாண்டனர். அது விளையாட்டுப் பயணமன்று. பாலம் இல்லாமையால் பிள்ளைகள் நாளாந்தம் மேற்கொண்ட பயணம். ஆயினும் கரையில் நின்று ஆளெண்ணிக்கையைக் கணக்கிட்டு, அங்கி அணிவித்து, 'இது பாதுகாப்பானதல்ல' என்று தடுக்கும் அதிகாரம் கொண்ட ஒருவர் எங்கும் தேவை என்ற உண்மை இரண்டுக்கும் பொதுவானது.

பிள்ளையைக் கயாக் பயணத்திற்கு அனுப்பும் பெற்றோர் கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னர் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும் என நாம் வலியுறுத்த விரும்புகின்றோம். தலைவர் யார், அவரது தகைமை என்ன? எனது பிள்ளை கவிழ்ந்து எழப் பழகிவிட்டதா? கரையில் நிற்பவர் யார்? காற்று மாறினால் பயணத்தை நிறுத்துபவர் யார்? இவற்றுக்குத் தயக்கமின்றி விடைகூறும் கழகத்திடம் பிள்ளையை நம்பி ஒப்படைக்கலாம். விடை கிடைக்காவிடின், பிள்ளை அன்று வீட்டில் ஏமாற்றத்தோடு இருப்பதே மேலானதாகும்.